கருவறைப் படிவரை அரசு

‘கோயிலை விட்டு அரசே வெளியேறு’ என்கிறது இந்துத்துவத் தரப்பு. வெளியேறினால் கோயில் மறுபடி ஊர்ப் பெரியமனுஷங்க கைக்குத்தான் போகும் என்கிறோம் நாம். சரி. ஆனால் அரசு எதுவரை உள்ளே போயிருக்கிறது?

1920களின் நீதிக்கட்சி ஆட்சியிலிருந்து 1959ஆம் ஆண்டுச் சட்டம்வரை நிலம், குத்தகை, உண்டியல், நகை எல்லாம் அரசின் கண்காணிப்புக்குள் வந்தன. வந்திருக்கவும் வேண்டும். அதே சமயம் கோயில் சட்டத்தின் பார்வையில் இரண்டாக வகுபட்டது. நிர்வாகம் ‘மதச்சார்பற்றது’, வழிபாடு ‘மதம்’. முதலாவதில் அரசு அதிகாரி. இரண்டாவதில் அவரும் கைகட்டி நிற்கும் பக்தர்.

இந்தக் கோட்டைப் போட்டது ஆண்டவன் அல்ல, நீதிமன்றம். கருவறை நுழைவுப் போராட்டத்தைப் பெரியார் அறிவித்த பின்னணியில், 1970இல் திமுக அரசு பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழித்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது: அர்ச்சகர் நியமனம் மதச்சார்பற்ற செயல்தான். ஆனால் ஆகமம் விலக்கியவர் தொட்டால் திருமேனி தீட்டுப்படும் என்ற நம்பிக்கையை அரசு மீற முடியாது என்றும் சொன்னது. பரம்பரை போச்சு, தீட்டு இருந்தது.

வேறு மரபுப் பிராமணரும்தான் தொடக் கூடாது, இதில் சாதி எங்கே வந்தது என்பார்கள். பிராமணரில் சிலரையும் வெளியே நிறுத்துவதால் மற்ற எல்லாரையும் நிறுத்துவது நியாயமாகிவிடுமா?

2006இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை வந்தது. பயிற்சிப் பள்ளிகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மந்திரமும் பூசைமுறையும் படித்துத் தேறினார்கள். வழக்கு நடந்தது. 2015 தீர்ப்பு, நியமனம் ஆகமப்படி இருக்க வேண்டும், அதைக் கோயில் கோயிலாகப் பார்க்க வேண்டும் என்றது. பயிற்சி பெற்றவர்களில் 24 பேருக்கு நியமன ஆணை கிடைத்தபோது ஆண்டு 2021. ஆணை கொடுத்ததையே எதிர்த்து மறுபடி வழக்குகள்.

கோடு நகராததா என்ன? 2002இல் ஆதித்யன் வழக்கில் இதே உச்ச நீதிமன்றம், கேரளக் கோயில் ஒன்றில் பிராமணரல்லாதவர் பூசை செய்வதை ஏற்றது. முறையாகப் பயின்றிருந்தால் போதும், பிறப்பு தேவையில்லை.

ஆக, மதத்தில் அரசு தலையிடலாமா என்பதல்ல நம்முடைய கேள்வி. தலையிட்டுத்தான் இருக்கிறது. உண்டியல் காசை எண்ணுகிற அரசு, ‘அது ஆகம விவகாரங்க’ என்று கருவறைப் படியில் நின்றுவிடுகிறதே, இதை மதச்சார்பின்மை என்பதா, கணக்கப்பிள்ளை உத்தியோகம் என்பதா?