குதிரையின் கனமும் கொண்டியின் பிடியும்

ரஷ்யப் படை 1891இல் ஏற்ற மோசின்-நாகன் ரைஃபிள், 1991க்குப் பின் அமெரிக்காவில் உபரிச் சரக்காக மலிவாக விற்கப்பட்டது. அதன் குதிரையை இழுப்பது கடினம். வீட்டிலேயே, செலவில்லாமல் அதை இலகுவாக்க அங்குள்ள துப்பாக்கிப் பிரியர்கள் இரண்டு யோசனைகள் சொல்வார்கள்: உராயும் முகங்களை மெருகேற்றுவது; வில்லுக்கு மேலே குளிர்பான டப்பாவில் வெட்டிய தகட்டைச் செருகுவது. இரண்டையும் ஒரே மூச்சில் புகழ்வது சரியல்ல.

ஏன் என்று பாருங்கள். சுருள்வில் முன்னே தள்ளும் ஊசியைத் தடுத்து நிறுத்துவது, ஒரு பட்டைவில்லின் நுனியிலுள்ள சிறு கொண்டி. குதிரையை இழுக்கும்போது பட்டைவில் வளைந்து, கொண்டி உராய்ந்தபடி கீழே இறங்குகிறது. மெருகேற்றினால் உராய்வுக் குணகம் குறையும். பிடியின் ஆழம் அப்படியே இருக்கும். கோணம் மாறாமல், நுண்ணிய எண்ணெய்க்கல்லால் மட்டும் தேய்ப்பதானால் இது நியாயமான யோசனை. அரத்தை எடுக்கச் சொல்பவரை நம்பாதீர்கள்! மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகானால், அந்தத் தோல் போனபின் விரைவில் தேய்ந்துவிடும்.

தகடு செய்வதோ வேறு. அது கொண்டியையே தாழ்த்துகிறது. விரல் நகரும் தூரம் குறைவதால் 'அருமை' என்று தோன்றும். உராய்வுக் குணகம் இம்மியும் மாறவில்லை. குறைந்தது பிடியின் ஆழம்தான். குண்டு போட்ட துப்பாக்கி கைதவறி விழும்போது, அதிர்ச்சியில் கொண்டி அந்தச் சொற்ப ஆழம் நழுவினால் போதும். குதிரையை யாரும் தொடாமலே ஊசி பாயும். தகட்டைப் புகழ்பவர்கள் இந்தச் சோதனையைச் சொல்வதே அபூர்வம்: காலித் துப்பாக்கியின் குதிரையை ஏற்றி, கட்டையைத் தரையில் தட்டிப் பார்ப்பது.