இல்லாத குதிரையும் இல்லாத ஆடையும்

1790ஆம் ஆண்டு அன்ஹுய் மாநில நாடகக் குழுக்கள் சீனத் தலைநகர் வந்ததை ஒட்டி வளர்ந்தது பீக்கிங் இசைநாடகம். அதன் மேடையில் குதிரை ஏறுவதில்லை. குஞ்சம் கட்டிய சாட்டையை ஏந்தி நடிகர் சுழன்றால், குதிரை பாய்வதாக அவையோர் கொள்கின்றனர். துடுப்பு ஒன்று அசைந்தால் ஆறு பெருகுகிறது. ‘ஜேட் வளையல்’ நாடகத்திலோ இளம்பெண் ஒருத்தி கண்ணுக்குப் புலப்படாத நூலை முறுக்கி, ஊசியில் கோத்து, தைத்தே காட்டிவிடுவாள். இல்லாததை இருப்பதாகக் காணும் இவ்வுடன்பாடே அக்கலையின் உயிர்.

இம்மேடையில் ஆண்டர்சனின் ‘பேரரசரின் புத்தாடை’யைச் சிறுவர்க்காக நடிக்க முனைவோர், பணி எளிதென்றே எண்ணக்கூடும். அரசர், அமைச்சர், ஊர்வலம் அனைத்தும் அங்கே ஆயத்தமாக உள்ளன. ஆனால் 1837இல் வெளிவந்த அக்கதை, இல்லாததைக் கண்டதாகச் சொல்வோரை அன்றோ நகையாடுகிறது! சாட்டையைக் குதிரையென ஏற்ற குழந்தை, வெறுந்தறியில் நெய்யப்படும் பட்டையும் ஏற்கத்தானே செய்யும்? நெசவாளராக நடிப்போர் கைத்திறனைக் குறைத்துக்கொண்டால் கலை கெடும். முழுத்திறனையும் காட்டினால் கதை கெடும்.

இச்சிக்கலுக்குத் தீர்வு கைவினையில் இல்லை. அச்சத்தில் இருக்கிறது என்பது நம் கருத்து. சாட்டை எவரையும் மிரட்டுவதில்லை. நம்மை விளையாட அழைக்கிறது. நெசவாளரோ, “காணாதவன் அறிவிலி, பதவிக்குத் தகாதவன்” என்கின்றனர். முன்னது கற்பனை, பின்னது பொய். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் வழி அம்மரபிலேயே உண்டு. நடிகர் தம் நீண்ட கைச்சட்டையை முகத்தருகே உயர்த்திப் பேசினால், அது அவையோர்க்கு மட்டுமே கேட்பதாகக் கொள்வர். முதிய அமைச்சர் சட்டைக்கையை உயர்த்தி, “ஒன்றுமே தெரியவில்லையே!” எனச் சிறுவரிடம் நடுங்கட்டும், கையைத் தாழ்த்தியதும் பட்டைப் புகழட்டும். அக்கணமே, நல்லவரும் அஞ்சிப் பொய்யுரைப்பர் என்பதைக் குழந்தைகள் உணர்ந்துகொள்வர்.

உண்மையை உரைக்கும் குழந்தையை ஆண்டர்சன் அச்சுப்படி திருத்துகையில்தான், இறுதியாகச் சேர்த்தார். ஆகவே, “எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள்!” என்று அரங்கத்துச் சிறுவரைக் கூவவைக்கும் எளிய உத்தியை நாம் ஏற்பதற்கில்லை. ஆயிரம் பேர் கூவுகையில் துணிவுக்கு வேலை ஏது? தாளமும் கின்னரியும் ஓய்ந்திருக்க, ஒரே ஒரு குரல் எழவேண்டும். அதுவும், பிறர் பேசும் பழைய மேடைமொழியில் அன்றி, அம்மரபின் கோமாளி பேசும் அன்றாட மொழியில் ஒலிக்கவேண்டும். குழந்தைகளுக்கு உடனே விளங்குவதும் அம்மொழியே.

சிறுவர்க்கென்று முடிவை இனிப்பாக்கி, அரசரை மனம் வருந்தவைக்கவும் வேண்டாம். மூலக்கதையில் அரசர் உண்மையை உணர்ந்தும் நிமிர்ந்தே நடக்கிறார். பணியாளர் இல்லாத மேலாடையின் தொங்கலை ஏந்திப் பின்செல்கின்றனர். உண்மை பேசப்பட்ட அக்கணமே ஊர் திருந்திவிடும் என்று குழந்தைகளுக்குக் கற்பித்தால், நாளை அவர்கள் உண்மை பேசியும் ஊர்வலம் நிற்காதபோது சோர்ந்துபோவர். ஊர்வலம் செல்லட்டும். கண்டதைக் கண்டதாகச் சொன்ன குழந்தை, அது கடந்துபோவதைப் பார்த்தபடி மேடையின் ஓரத்தில் நிற்கட்டும்.