அதிசயமும் அதன் விலையும்: ஒரு கணினி விளையாட்டு பற்றிய நோக்கு

திறனாய்வு அச்சேறிய நூல்களோடு மட்டும் நின்றுவிட வேண்டியதன்று. ஒரு தலைமுறையின் பொழுதையும் சிந்தனையையும் ஆட்கொள்ளும் எந்தப் படைப்பும் மதிப்பீட்டுக்கு உரியதே. விடுதி அறைகளில் நள்ளிரவு கடந்தும் நம்மவர் பலரை விழித்திருக்கச் செய்யும் 'சிவிலைசேஷன்' எனும் கணினி விளையாட்டு அத்தகையது. 1991 இல் சிட் மையரின் பெயரோடு தோன்றிய இவ்விளையாட்டின் நான்காவது ஆக்கம், சோரன் ஜோன்சனை முதன்மை வடிவமைப்பாளராகக் கொண்டு 2005 இல் வெளிவந்தது. அதன்பின் வேறு ஆக்கங்கள் வந்துள்ளன எனினும், உலக அதிசயங்கள் பற்றிய வினாவைத் தெளிவாக எழுப்புவது இந்நான்காவது ஆக்கமே என்பது இக்கட்டுரையாளனின் துணிபு. ஆதலின் அதுவே ஈண்டு ஆராயப்படுகின்றது.

விளையாடுபவர் ஒரு மக்கட் கூட்டத்தின் தலைமையை ஏற்று, கி.மு. 4000 முதல் விண்வெளிக் காலம் வரை அதனை நடத்திச் செல்கிறார். ஒவ்வொரு நகரமும் ஈட்டும் உற்பத்தி, சுத்தியற் சின்னத்தாற் குறிக்கப்படும். அவ்வுற்பத்தியைக் கொண்டு புதிய நிலங்களுக்குக் குடியேறுவோரை அனுப்பலாம்; படை திரட்டலாம்; களஞ்சியமும் நூலகமும் அமைக்கலாம்; அல்லது பிரமிட்டு போன்ற அதிசயம் ஒன்றை எழுப்பலாம். ஓர் அதிசயம் உலகில் ஒருவருக்கே உரியது. முந்திக் கட்டியவர் அதனைப் பெறுவர். எனவே, எவ்வதிசயம் கட்டத்தக்கது என்னும் வினா ஆட்டத்தின் தொடக்கத்திலேயே எழுந்துவிடுகின்றது.

வழமையான வேகத்தில் நடைபெறும் ஆட்டத்தில் பிரமிட்டின் விலை 500 சுத்தியல். குடியேறுவோர் கூட்டம் ஒன்றின் விலை 100. ஆகவே பிரமிட்டின் மெய்யான விலை, நிறுவப்படாது போன ஐந்து நகரங்கள் எனலாம். நகரங்களுக்குக் காவலும் வேண்டும், அவை பெருகப் பராமரிப்புச் செலவும் பெருகும் என்பதனால் இக்கூற்றுச் சற்று மிகையே. எனினும் கணக்கின் போக்கு இதுதான். இக்கட்டுரையாளன் முதன்முதலில் ஆடியபோது மூன்று நகரங்களோடு அமைந்து, தலைநகரில் அதிசயங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பினான். அயலிலிருந்த மொன்டெசூமாவின் படை வந்தபோது அவற்றுள் ஒன்றேனும் நகரைக் காக்கவில்லை. நகரோடு அதிசயங்களும் பகைவனின் உடைமையாகி, அவனுக்கே பயன் தந்தன.

அவ்வாறாயின் அதிசயங்களை முற்றாக ஒதுக்குதல் தகுமா? தகாது. மூன்று அளவுகோல்களைக் கொண்டு அவற்றை மதிப்பிடலாம். முதலாவது, கைவசமுள்ள வளம். கல் உடையவர் பிரமிட்டைப் பாதி உழைப்பிலும், சலவைக்கல் உடையவர் அலெக்சாந்திரியாவின் பெருநூலகத்தைப் பாதி உழைப்பிலும் கட்டி முடிப்பர். இரண்டாவது, அதிசயத்தின் பயன் நாம் ஏற்கெனவே மேற்கொண்டுள்ள வாழ்முறையோடு பொருந்துகின்றதா என்பது. பிரமிட்டைக் கட்டியவர் அரசாங்க முறைகள் அனைத்தையும் தொடக்க காலத்திலேயே கைக்கொள்ளலாம். அவற்றுள் பிரதிநிதித்துவ ஆட்சி, நகரிலுள்ள துறைசார் வல்லுநர் ஒவ்வொருவராலும் மூன்று அலகு அறிவு பெருகச் செய்யும். வல்லுநரைப் பேணத்தக்க விளைநிலம் உள்ளவருக்கு அது பெருவரம். அஃதில்லாதவருக்கு வெறுங் கற்குவியல். மூன்றாவது, போட்டி. 150 சுத்தியல் விலையுள்ள தெய்வவாக்குக் கோயில் ஒரு தொழினுட்பத்தை இலவசமாகத் தருவதால், அதனைப் பலரும் நாடுவர்; பிந்தியவருக்கு அது கிட்டாது. இம்மூன்று அளவுகோல்களாலும் நோக்கின், எல்லா நகரங்களின் காப்பையும் 25 வீதத்தால் உயர்த்தும் சிச்சென் இட்சா பெரும்பாலான ஆட்டங்களில் தேறாது. மதிலுக்கு வெளியே வயல்கள் அழிகையில் மதிலின் வலிமையால் விளைவது சிறிதே.

இதனால் பெறப்படுவது யாது? இவ்விளையாட்டில் தன்னளவிற் பெரிதான அதிசயம் எதுவுமில்லை; அதன் மதிப்பைச் சூழலே நிர்ணயிக்கின்றது. இதற்கு மற்றுமொரு சான்றுண்டு. பிறர் முந்திக் கட்டிவிடின், அதுவரை நாம் இட்ட உற்பத்தி பொன்னாக மாற்றித் தரப்படும். கல்வளத்தாற் பெருகிய உற்பத்திக்கும் அவ்வாறே பொன் கிடைக்கும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் சிலர், தோற்பதற்கென்றே ஓர் அதிசயத்தைத் தொடங்கிப் பொன் ஈட்டுவர்.

இங்கு படைப்பினுள் ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. காட்சி அதிசயத்தைப் போற்றுகின்றது. கணக்கோ அதனை ஐயுறுகின்றது. கட்டி முடித்ததும் தனிக் காட்சியொன்று விரிந்து நம்மைப் பாராட்டும். ஆனால் கடினமான படிநிலைகளில் வெல்ல விரும்புவோர் அப்பாராட்டைப் பெரும்பாலும் துறக்கவே கற்றுக்கொள்கின்றனர். மன்னர் புகழ் பாடும் விளையாட்டு என இதனை ஒரே சொல்லில் ஒதுக்குவோர் இவ்வுள்முரணைக் காணத் தவறுகின்றனர்.

எனினும் அக்கணக்கையும் நாம் ஐயுறவேண்டியுள்ளது. அடிமைமுறையைக் கைக்கொண்ட நகரில், மக்கள்தொகையின் ஓர் அலகைப் பலியிட்டால் 30 சுத்தியல் கிடைக்கும். நகரத்தார் பத்துச் சுற்றுக்கள் மனக்குறையோடிருப்பர். பின்னர் அதுவும் மறையும். ஆட்டக்காரர் இதனைச் 'சாட்டை' என்றே வழங்குவர். அதிசயங்களைத் தவிர்த்து விரைவாகக் குடியேற்றங்களையும் படைகளையும் பெருக்கும் சிக்கனக்காரரே இச்சாட்டையை மிகுதியும் கையாள்வர். ஆகவே அதிசயத்தைத் துறத்தல் மக்கள்மீது கொண்ட பரிவினால் அன்று. அதுவும் ஒரு கொள்முதற் கணக்கே. பிரமிட்டைக் கட்டியவர் அனைவருக்குமான வாக்குரிமையைப் பண்டைக் காலத்திலேயே நிறுவலாம் என இவ்விளையாட்டு விதித்திருப்பதும் நோக்கத்தக்கது. மாந்தர் நெடுங்காலம் போராடிப் பெற்ற உரிமை, அரசனொருவனின் கல்லறைக்குக் கிடைத்த இலவசப் பரிசாகிவிடுகின்றது.

வரலாறு தரும் செய்தி வேறு. 2013 இல் எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள வாடி அல்-ஜர்ப் என்னுமிடத்தில், பியேர் தாலே தலைமையிலான குழுவினர் பாப்பிரசுச் சுவடிகளைக் கண்டெடுத்தனர். அவற்றுள் மெரர் என்னும் மேற்பார்வையாளனின் நாட்குறிப்பும் ஒன்று. தன் கீழிருந்த ஏறத்தாழ நாற்பது பேருடன் தூராவிற் சுண்ணக்கல் ஏற்றி, நைல் நதி வழியே கீசாவிலிருந்த கூபு மன்னனின் பிரமிட்டுக்குக் கொண்டுசென்ற நாட்களை அவன் பதிந்துள்ளான். இன்ன நாளிற் கல் ஏற்றினோம், இன்னவிடத்தில் இரவு தங்கினோம் என்பனவே அதன் செய்திகள். பிரமிட்டின் விலையை, அதனைச் சுமந்தவர் பக்கமிருந்து கூறும் அரிய சான்று இது. விளையாட்டின் 500 சுத்தியலுள் மெரரும் அவன் தோழரும் அடங்குவர். ஆயின் அவர்தம் பெயரும் நாளும் அங்கு இல்லை.

எவ்வதிசயம் கட்டத்தக்கது என்னும் வினாவுக்கு இவ்விளையாட்டுத் தரும் விடை, இருக்கும் வளத்துக்கும் நடைபெறும் வாழ்வுக்கும் துணைசெய்வதே கட்டத்தக்கது என்பதாகும். பெருமைக்காகக் கட்டுதலைக் கண்டிக்கும் அவ்விடை மெச்சத்தக்கது. ஆனால் விலையை யார் கொடுத்தார் என்னும் வினாவை அது எழுப்புவதில்லை. அவ்வினாவை ஆட்டக்காரராகிய நாமே எழுப்பவேண்டும். இவ்விளையாட்டை ஆடுதலைக் கைவிடுக என்பதன்று இக்கட்டுரையின் நோக்கம். இக்கட்டுரையாளனும் கைவிடப் போவதில்லை. ஆடி முடித்துத் திரையை அணைத்த பின்னர், நூலகத்திலும் வகுப்பறையிலும் வரலாற்றைப் பயிலும்போது, அதே சுத்தியற் கணக்கை அங்கும் கொண்டுசெல்லாதிருத்தல் வேண்டும் என்பதே நோக்கம்.