ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ புதினத்தில் இடப்பெயர்வும் இருவகை அச்சமும்

ஆய்வுச் சுருக்கம்

கட்டாய இடப்பெயர்வில் பால்புதுமையினர் எதிர்கொள்ளும் ஒடுக்குமுறை பெரும்பாலும் குடும்பத்திற்கு வெளியிலேயே தேடப்படுகிறது. அடைக்கலம் தரும் குடும்பமே ஒடுக்கும் இடமாகவும் அமையக்கூடும் என்பதை ‘ஃபன்னி பாய்’ (1994) புதினத்தின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பால்புதுமையினர், ஏதிலியர், 1983 இனக்கலவரம், குடும்பம், புலம்பெயர் புனைவு

முன்னுரை

1951ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கை இனம், சமயம், நாட்டினம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சார்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தைத் துன்புறுத்தலின் அடிப்படைகளாகக் கொண்டது. பாலீர்ப்பு அவற்றுள் பெயர் சுட்டப்படவில்லை. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1993இல் வார்டு வழக்கில் ‘குறிப்பிட்ட சமூகக் குழு’ என்பதை விளக்குகையில், மாற்றவியலாத இயல்புகளுக்கு எடுத்துக்காட்டாகப் பாலீர்ப்பையும் குறிப்பிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த ஆங்கிலப் புதினம் ‘ஃபன்னி பாய்’. கொழும்பில் 1965இல் பிறந்து, 1983 கலவரத்திற்குப்பின் குடும்பத்தோடு கனடாவில் குடியேறியவர் செல்வதுரை.

முதல் வெளியேற்றம்

ஒன்றோடொன்று தொடர்புடைய ஆறு கதைகளால் ஆன இப்புதினத்தில், சிறுவன் ஆர்ஜியின் முதல் வெளியேற்றம் கலவரத்தால் நிகழ்வதன்று. பாட்டி வீட்டில் சிறுமியரோடு மணப்பெண் விளையாட்டு ஆடிச் சேலை உடுத்தி மகிழும் அவனைக் கண்டு பெரியவர்கள் நகைக்கின்றனர். பெற்றோர் நாணுகின்றனர்; அவ்விளையாட்டுக்களம் அவனுக்கு மறுக்கப்படுகிறது. பின்னர், அவன் ‘ஆண்மகன்’ ஆவான் என்ற நம்பிக்கையில் தந்தை அவனை விக்டோரியா அகாதெமியில் சேர்க்கிறார். இங்கு ஒடுக்குமுறை பகைவரிடமிருந்து வரவில்லை. அன்புடையாரின் அக்கறையாக வருகிறது. அதனாலேயே அதற்குப் பெயரிடுவது அவனுக்கு அரிதாகிறது.

அடைக்கலத்தின் இருமுகம்

இறுதிக் கதை நாட்குறிப்பு வடிவில் அமைகிறது. வீடு எரிக்கப்படுகிறது, பாட்டனும் பாட்டியும் காரோடு எரித்துக் கொல்லப்படுகின்றனர். தமிழர் என்னும் அச்சத்தைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. பாலீர்ப்புக் குறித்த அச்சத்தை ஆர்ஜி தனியே சுமக்கிறான். சிங்கள மாணவனான ஷெஹானைப் பிரியும் துயரை அவனால் வீட்டில் சொல்ல இயலாது. இடம்பெயர்ந்தோரின் இழப்புப் பட்டியலில் உயிரும் உடைமையும் எண்ணப்படும், இப்பிரிவு எண்ணப்படாது. காதல் இனப்பகையை எளிதில் வென்றுவிடும் என்றும் புதினம் கூறவில்லை. கலவரத்திற்குப்பின் ஷெஹான் சிங்களவன் என்னும் வேறுபாட்டை ஆர்ஜி முதன்முறையாக உணர்வது இங்கு நோக்கத்தக்கது.

மறைப்பும் சட்டமும்

பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் உருவான இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவு, ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கியது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் அதைப் பெண்களுக்கும் விரித்தது. இத்தகைய சட்டச் சூழலிலிருந்து தப்பி வருவோரிடம், ‘தாய்நாட்டில் இயல்பை மறைத்து வாழலாமே’ என்று கூறி அடைக்கலம் மறுக்கும் வாதம் ஒன்று இருந்தது. ஈரான், கேமரூன் நாட்டவர் இருவரின் வழக்கில் 2010இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அதனை நிராகரித்தது. ஆயின், அரசு கோரக்கூடாது என நீதிமன்றம் விலக்கிய அதே மறைப்பைத்தான் ஆர்ஜியிடம் குடும்பம் கோருகிறது. எல்லை கடந்தபின்னும் அக்குடும்பம் உடன்வருகிறது. குடும்பத்தின் முன்னிலையில் உண்மையைச் சொல்ல இயலாத ஒருவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு எட்டாமலேயே போகலாம். ஐ.நா. ஏதிலியர் ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நேர்காணலில் மறைகாப்பையும் நம்பிக்கையூட்டும் சூழலையும் வலியுறுத்துவதன் தேவை இங்கே விளங்குகிறது.

புதினத்தின் எல்லை

ஆர்ஜியின் தந்தை விடுதித்தொழில் நடத்துபவர். கனடா செல்லும் வழி அக்குடும்பத்திற்குத் திறந்திருக்கிறது. நெருக்கடி மிகுந்த முகாமில் தனிமையற்று வாழும் வறியவரும், தோற்றத்தாலேயே அடையாளம் காணப்படும் திருநரும் இப்புனைவுக்குள் வரவில்லை. மறைத்துக்கொள்ள இயல்வது ஆர்ஜிக்குத் துன்பமாயினும் ஒருவகைக் காப்புமாகும். அக்காப்பும் இல்லாதோரின் நிலையை இப்புதினத்தைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது.

முடிவுரை

‘ஃபன்னி பாய்’ பெரிதும் இனக்கலவரப் புதினமாகவோ தற்பாலீர்ப்புப் புதினமாகவோ தனித்தனியே வாசிக்கப்படுகிறது. இவ்விரு வாசிப்புகளும் இணையும்போதே, ஓர் அச்சத்திலிருந்து காக்கும் இடம் மற்றோர் அச்சத்தை வளர்க்கக்கூடும் என்பது புலனாகிறது. குடும்பத்தை ஒரே அலகாகக் கொள்ளும் ஏதிலியர் பாதுகாப்பு, அதனுள் தனித்து அஞ்சும் உறுப்பினரையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதற்கு இப்புதினம் வலுவான இலக்கியச் சான்றாகிறது. ஈழப் புலம்பெயர் புனைவுகளை இந்நோக்கில் மீள வாசிப்பது மேலாய்வுக்குரியது.