அமர்ந்த படமும் பறக்கும் பறவையும்

வானில் வட்டமிடும் பெரிய பறவையைக் காட்டி, 'அது என்ன?' என்று சிறுவன் கேட்டால், 'கழுகு' என்று சொல்லிவிடுகிறோம். பருந்தும் நமக்குக் கழுகு. பிணந்தின்னும் பாறும் கழுகு. இக்குழப்பத்திற்குப் பார்ப்பவரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. வகுப்பறைச் சுவரில் தொங்கும் பறவைப் படங்களுக்கும் இதில் பங்குண்டு.

அப்படங்களில் பருந்து கிளையில் அமர்ந்திருக்கும். அலகும் நகமும் அழகாகத் தீட்டப்பட்டிருக்கும். நாம் காண்பதோ தலைக்கு மேலே, வெயிலுக்கு எதிரே, நிழல் போன்ற உருவத்தை. அங்கே நகம் தெரியாது. நிறமும் பல வேளைகளில் தெரியாது. தெரிவன வாலின் வடிவம், சிறகை வைத்திருக்கும் முறை, அடிப்புறத்தின் கருமை வெண்மை ஆகியனவே.

1934ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோஜர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட பறவைக் கையேடு இதை உணர்ந்து செய்யப்பட்டது. வேட்டைப் பறவைகளைக் கீழிருந்து பார்க்கும் தோற்றத்திலேயே அவர் வரைந்தார். பறவைகளை வேறுபடுத்தும் அடையாளங்களைச் சிறு கோடுகளால் சுட்டினார். ஓவியம் என்ற அளவில் அவை எளியவை. கருவி என்ற அளவில் சிறந்தவை.

இம்முறையை நம் வானத்திற்குப் பொருத்திப் பாருங்கள். கரும்பருந்தின் வால்நுனி பிளவுபட்டது. செம்பருந்தின் வால்நுனி வட்டமானது. முதிர்ந்த மஞ்சள்முகப் பாறும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் கீழிருந்து ஒன்றுபோலவே வெளுத்து, சிறகின் பின்பகுதி கறுத்துத் தோன்றும். ஆனால் கடற்கழுகின் வாலடி கறுத்தது; வட்டமிடும்போது சிறகுகளை மேலே தூக்கி வைத்திருக்கும். பாறின் வால் முழுதும் வெண்மை. சிறகுகள் ஏறக்குறைய மட்டமாக இருக்கும்.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. கரும்பருந்து வாலை நன்கு விரித்தால் பிளவு மறைந்துவிடும். ஆகவே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பலாகாது.

இது வெறும் பெயர்ச் சண்டையன்று. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99 சதவீதத்திற்கு மேல் குறைந்தன. முக்கியக் காரணம், கால்நடைகளுக்குத் தந்த டைக்குளோஃபினாக் மருந்து. 2006இல் அந்த உபயோகம் தடை செய்யப்பட்டது. எஞ்சிய பாறுகள் சில மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கூடு கட்டுகின்றன. அங்கே பருந்தைப் பாறு என்று எழுதிவிட்டால், இல்லாத பறவை கணக்கில் பிழைத்திருக்கும்!

பள்ளிப் படம் வரைவோர் பறவையைக் கிளையிலிருந்து எழுப்பிச் சிறகை விரிக்கச் செய்யட்டும். கறுப்பு வெள்ளையே போதும். அதுவரை வாசகர்களே, நோட்டுப் புத்தகத்தில் முதலில் வாலை வரையுங்கள். பெயரைப் பிறகு எழுதலாம்.