படபடப்பும் சோர்வும்: பாறசாலையிலும் யாழ்ப்பாணத்திலும்

கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களில் யாரும் “மனசு சரியில்லை” என்று ஓ.பி. சீட்டு எடுப்பதில்லை. “ஒறக்கம் இல்ல சிஸ்டரே, நெஞ்சு படபடங்குது, வாயுவா இருக்கும்” என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அதே ஆள் “நித்திரை வருகுதில்லை மிஸ்ஸி, நெஞ்சு இடிக்குது” என்பார். சோர்வும் பதற்றமும் சேர்ந்தேதான் ஆஸ்பத்திரிப் படியேறுகின்றன. கேட்பவர் எதை முதலில் கேட்கிறார் என்பதில்தான் இரு கரைகளும் வேறுபடுகின்றன.

கேரளம் 2017-ல் ஆர்த்ரம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக மாற்றத் தொடங்கியது. அவற்றில் ‘ஆஸ்வாசம்’ என்ற பெயரில் மனச்சோர்வைக் கண்டறிந்து மருந்தும் தருகிறார்கள். பயிற்சி பெற்ற நர்சு கேள்வி கேட்கிறார். டாக்டர் சிகிச்சை தொடங்குகிறார். திருவனந்தபுரத்து ஊளம்பாறை மனநல ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூசுகிறவர், பிரஷர் மாத்திரை வாங்கும் இடத்திலேயே இதற்கும் மருந்து வாங்கலாம். இது பெரிய காரியம். ஆனால் திட்டத்தின் நோக்கத்திலேயே மனச்சோர்வு முன்னால் நிற்கிறது. பதற்றம் பின்வரிசைக்குப் போய்விடுகிறது.

இலங்கை வேறு வழியில் போனது. 2005-ல் வந்த மனநலக் கொள்கை, கொழும்பை ஒட்டிய அங்கொடை மனநல ஆஸ்பத்திரியில் குவிந்திருந்த சிகிச்சையை மாவட்டங்களுக்கு நகர்த்த முயன்றது. சாதாரண டாக்டர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து, மனநல மருத்துவ அதிகாரிகளாகக் கிளினிக்குகளுக்கு அனுப்பினார்கள். வடக்கில் உள்நாட்டுப் போர் இன்னொன்றையும் கற்பித்தது. 2009-ல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்த கணக்கெடுப்பில் பதற்ற அறிகுறிகள் 32.6 சதவீதம் பேரிடமும், சோர்வின் அறிகுறிகள் 22.2 சதவீதம் பேரிடமும் தெரிந்தன. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் உளவளத்துணை கற்றுக்கொடுத்தார்கள். மூச்சுப் பயிற்சியையும் ஜெபத்தையும்கூடச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார்கள். அச்சத்தை அங்கே யாரும் சில்லறைக் கோளாறாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஒன்றை மட்டும் பார்த்தால் என்ன ஆகும்? படபடப்புக்கு மட்டும் தூக்க மாத்திரை எழுதினால் சில நாள் நிம்மதி கிடைக்கும். அடியில் சோர்வு அப்படியே கிடக்கும், மாத்திரை பழக்கமாகிவிடும். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் இரண்டுக்குமே வேலை செய்பவை. ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று யாராவது பொறுமையாகச் சொன்னால்தான் நோயாளி இடையில் நிறுத்தமாட்டார். இரண்டும் சேர்ந்திருப்பவருக்குத் தற்கொலை ஆபத்தும் கூடுதல்.

ஆகவே கேரளத்தின் நர்சு மேஜை எனக்கு உயர்வாகவே தெரிகிறது. அதில் சேர்க்க வேண்டியது அதிகமில்லை. மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் பிஎச்கியூ-9 வினாத்தாளில் இருப்பவை ஒன்பது கேள்விகள். பதற்றத்துக்கான ஜிஏடி-7 வினாத்தாளின் முதல் இரண்டு கேள்விகளையும் கூட்டிக் கேட்க ஒரு நிமிஷம் போதும். எல்லை ஊர்களில் அதைத் தமிழில் கேட்க வேண்டும். 1956-ல் மாநிலக் கோடு விழுந்தபின்னும் வீட்டுக்குள் தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே உண்டு. பிஎச்கியூவின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்பது. அதை மலையாளத்தில் கேட்டு “இல்லை” என்ற பதிலை வாங்கி எழுதிக்கொள்வதைவிட, தமிழ் தெரிந்த ஓர் ஆஷா (ஊர்ச் சுகாதார) பணியாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திரும்ப ஒருமுறை கேட்கலாம்.