நோபல் பரிசுக்குக் கையேடு உண்டா?

தலைப்பில் வேடிக்கையும் உள்ளே பொறுப்பும் கொண்ட நூல், பீட்டர் டோஹர்ட்டி 2005-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி பிகினர்ஸ் கைடு டு வின்னிங் தி நோபல் பிரைஸ்’. நோய்த் தடுப்பாற்றல் துறையில் ஆராய்ச்சி செய்ய விரும்பும் மாணவர் இதைப் படிக்கலாமா? படிக்கலாம், ஆனால் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்க வேண்டாம்.

ஆசிரியர் ஆஸ்திரேலியர், கால்நடை மருத்துவம் பயின்றவர், 1970-இல் எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்றவர். நோய்களை ஆராய மருத்துவக் கல்லூரி ஒன்றே வாயில் என்று எண்ணுவோருக்கு இவர் வாழ்க்கையே விடை.

1973-இல் கான்பெராவில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோல்ஃப் ஜிங்கர்நாகல் இவருடன் சேர்ந்தார். மூளை உறையில் அழற்சி உண்டாக்கும் வைரஸைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, அவற்றின் டி-செல்களை எடுத்தனர். அதே வைரஸ் தொற்றிய வேறு செல்களில் கதிரியக்கக் குரோமியத்தை ஏற்றி, இரண்டையும் ஒன்றுசேர்த்தனர். செல் கொல்லப்பட்டால் குரோமியம் வெளியே கசியும். அதன் கதிர்வீச்சை அளந்தால் எவ்வளவு செல்கள் மடிந்தன என்பது தெரிந்துவிடும். இயற்பியல் உயிரியலுக்குத் துணைநின்ற அழகிய இடம் இது.

முடிவு எதிர்பாராதது. வைரஸ் ஒன்றாகவே இருந்தும், திசு அடையாளம் மாறுபட்ட சுண்டெலியின் செல்களை டி-செல்கள் தாக்கவில்லை! அதாவது, டி-செல் வைரஸை மட்டும் பார்ப்பதில்லை. தன் உடலின் அடையாளப் புரதத்தையும் சேர்த்தே பார்க்கிறது. உறுப்பு மாற்றத்தின்போது தொல்லை தரும் அப்புரதங்கள் உடலில் எதற்காக இருக்கின்றன என்ற புதிரும் அவிழ்ந்தது. 1974-இல் வெளியான இக்கண்டுபிடிப்புக்கு 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நூலின் உயிர்நாடி இதுவே. ஆயினும் ஆசிரியர் இங்கே நிலைத்து நிற்கவில்லை. அமெரிக்க அறிவியலின் எதிர்காலம், அறிவியலும் சமயமும் எனப் பல திசைகளில் சென்றுவிடுகிறார். இது ஒரு குறையே.

இறுதி அத்தியாயம் அறிவுரைகளின் தொகுப்பு: பெரிய வினாவை எடுங்கள், தெளிவாக எழுதுங்கள், உண்மையைச் சொல்லுங்கள், பணியாற்றும் இடத்தைத் தேர்ந்து கொள்ளுங்கள். நல்லவைதாம். ஆனால் உதவித்தொகை கிடைக்கும் இடத்தில் சேர்ந்தாக வேண்டிய மாணவர் எதைத் தேர்ந்து கொள்வார்? அவருக்கு நூலில் போதிய விடை இல்லை. கண்முன் உள்ள சான்றை மதியுங்கள் என்னும் அறிவுரையோ எந்த ஆய்வுக்கூடத்திற்கும் பொருந்தும். அதை மெய்ப்பிப்பது அவருடைய சுண்டெலிச் சோதனைதான். எதிர்பார்த்தபடி வராத முடிவைத் தவறு என்று ஒதுக்கியிருந்தால், கண்டுபிடிப்பும் கைநழுவியிருக்கும்.

ஆகவே, தடுப்பாற்றல் பற்றிய நடுப்பகுதியை முதலில் படியுங்கள். பரிசு பெறும் வழி அதில் இல்லை. ஆராய்ச்சி செய்யும் வழி இருக்கிறது. மாணவருக்கு வேண்டியது அதுவே.